காலி போர்ட் சார்

"டி.வி.ஆர். இல்லை சார், என்.வி.ஆர்." இப்படித் திருத்துவதில்தான் எங்கள் தெருக்காரர் ஒருவரின் பேச்சு தொடங்கும். நீங்கள் கேட்டது "கேமரா, டி.வி.ஆர். எல்லாம் நல்லா ஓடுதா?" என்ற உபசாரக் கேள்வி மட்டுமே. மரியாதைக்குக் கேட்டதை மரியாதையோடு விட்டுவிடுகிற ஆள் அவரில்லை. மொட்டைமாடிப் படிக்கட்டின் உச்சிவரை அழைத்துப் போய்விடுவார்.

அங்கே மோட்டார் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில், சுவரில் பூட்டிய இரும்புப் பெட்டி ஒன்று. சாவி அவர் சட்டைப்பையில். திறந்து, செல்போன் டார்ச்சை இடமிருந்து வலமாகக் காட்டுவார், குருக்கள் கருவறையில் தீபம் காட்டுகிற நிதானத்தோடு. உள்ளே பச்சை விளக்குகள் மினுக்க ஒரு பி.ஓ.இ. ஸ்விட்ச். "நல்லாயிருக்கு சார்" என்று நழுவ முடியாது. "எது நல்லாயிருக்கு?" என்பார்.

"ஒரே ஒயர் சார். டேட்டாவும் அதுலதான், கரண்டும் அதுலதான். கேமராகிட்ட பிளக் பாயின்ட்டே வேண்டாம்." இதுவரை நமக்கும் புரியும். என்.வி.ஆர். ரெக்கார்டருக்குப் பின்னாலேயே இந்த மாதிரி பி.ஓ.இ. போர்ட்டுகள் வருகின்றனவே, தனி ஸ்விட்ச் எதற்கு என்று விவரம் தெரிந்த யாராவது கேட்டுவிட்டால் அன்றைய பொழுது போச்சு. ரெக்கார்டர் கீழே ஹாலில். மாடியில் நாலு கேமரா. நாலு ஒயரையும் சுவரை ஓட்டை போட்டு இறக்குவதா? ஸ்விட்சை மாடியில் வைத்தால் ஒரே ஒயர் இறங்கினால் போதும். ரெக்கார்டரில் செருகினால் கேமரா அதன் தனி நெட்வொர்க்குக்குள் போய் ஒளிந்துகொள்ளும், போனிலிருந்து நேராகப் பிடிக்க முடியாது. ஸ்விட்சுக்கும் ரெக்கார்டருக்கும் யு.பி.எஸ். கொடுத்துவிட்டால் தெருவே இருட்டில் கிடந்தாலும் அத்தனை கேமராவும் விழித்திருக்கும். எல்லாம் நியாயமான பேச்சு. அதுதான் தொல்லை. உளறுகிற ஆளாக இருந்தால் பாதியில் இறங்கி வந்துவிடலாம்.

"பி.ஓ.இ.-க்கு 2003-லயே ஸ்டாண்டர்ட் போட்டாச்சு சார். செருகின உடனே ஸ்விட்ச் கரண்டைத் தூக்கிக் கொடுத்துடாது. முதல்ல கொஞ்சமா வோல்டேஜ் விட்டு, அந்தப் பக்கம் 25 கிலோ ஓம் இருக்கான்னு பார்க்கும். இருந்தாத்தான் 48 வோல்ட். தெரியாம லேப்டாப்பைச் செருகினாக்கூட ஒண்ணும் ஆகாது." எதிரில் இருப்பவர் தாங்குவாரா என்று பார்த்துவிட்டுக் கொடுக்கிற நாகரிகம் அந்தத் தகரப் பெட்டிக்கு இருக்கிறது.

ஒயர் வாங்க ரிச்சி தெருவுக்கு அவரோடு போனவர்கள் மறுமுறை போவதில்லை. சட்டைப்பையில் பாதி பிளேடு ஒன்று தாளில் மடித்து இருக்கும். கடைக்காரர் காட்டுகிற கேபிளின் நுனியை உரித்து, செம்பைப் பிளேடால் மெதுவாகச் சுரண்டுவார். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. "இதுல கரண்ட் போறதுக்குள்ள பாதி வழியிலேயே செத்துடும்" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொல்வார்.

ஆனால் அவருடைய உண்மையான வியாதி வேறு. காலி போர்ட்டைப் பார்த்தால் அவருக்குத் தூக்கம் வராது. முதலில் நாலு கேமரா, எட்டு போர்ட் ஸ்விட்ச். மீதி நாலு போர்ட்டும் இருட்டாகக் கிடப்பதை எப்படிப் பொறுப்பது? பக்கவாட்டுச் சந்துக்கு ஒன்று வந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு ஒன்று. துளசி மாடத்துக்கு ஒன்று. வாஷிங் மெஷினுக்கு ஒன்று. எட்டும் நிரம்பிய அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் கேமராக்கள் ஒவ்வொன்றாக அணைந்து அணைந்து உயிர்த்தன. போர்ட்டுக்கு 15.4 வாட் என்று அட்டையில் போட்டிருந்தான். எட்டுக்கும் சேர்த்து 65 வாட்தான் என்பது பொடி எழுத்தில் இருந்தது. இருட்டினால் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்கு எரியும், கூடுதலாகக் கரண்ட் இழுக்கும். வேறு யாராக இருந்தாலும் வாஷிங் மெஷின் கேமராவைக் கழற்றியிருப்பார்கள். இவர் பதினாறு போர்ட் ஸ்விட்ச் வாங்கினார்.

பதினாறில் எட்டு காலி!

அந்த எட்டும் இப்போது தெருவைப் பார்க்கின்றன. ஒன்று நிரம்பியும் விட்டது, என் வீட்டு வாசலால். மாடி வீட்டுப் பெண்ணின் புதுச் செருப்பு காணாமல் போனபோது அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஹாலில் பத்துப் பேரை உட்காரவைத்துப் படம் போட்டார். செம்பட்டை நாய் ஒன்று படியேறி, அங்கே கிடந்த இரண்டு ஜோடிச் செருப்பையும் முகர்ந்து, விலை கூடினதாகப் பார்த்துக் கவ்வியது. "மீசையைப் பாருங்க சார், ஒவ்வொரு முடியும் தனியாத் தெரியுது!" நாய் எந்தப் பக்கம் போனது என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் மீசையிலிருந்து நகரவில்லை.

சிரிப்பெல்லாம் சரி. "வீட்ல அம்மா ஊருக்குப் போயிருக்காங்களா? ராத்திரி பத்தரைக்குச் சாப்பாடு கொண்டுவர்ற பையன் வந்தானே" என்று பால் பாக்கெட்டோடு நிற்கிற என்னிடம் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வீட்டுக்கு யார் வருகிறார்கள், எத்தனை மணிக்குப் போகிறார்கள் என்பது அவர் ஹார்ட் டிஸ்கில் இருக்கவேண்டிய சங்கதி அல்ல. திருடனுக்கு மாட்டிய கேமராவில் தினமும் விழுவது நாங்கள்தான். என் வாசலை மட்டும் கறுப்புக் கட்டம் போட்டு மறைக்க முடியும், அந்த வசதி கேமராவிலேயே இருக்கிறது, அவருக்கும் தெரியும். கேட்டேன். "ஏதாவது ஆச்சுன்னா நாளைக்கு நீங்கதானே சார் வந்து நிப்பீங்க?" என்றார்.

நிற்பேன் என்பதும் உண்மை. பொங்கலுக்குத் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும்போது எல்லோரும் அவரிடம்தான் சொல்லிவிட்டுப் போகிறோம். அவர் ஊருக்குப் போவதில்லை. கரும்பைக் கடித்துக்கொண்டு எங்கள் பூட்டுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஊரிலிருந்து போன் செய்தால், "உங்க வாசல்ல கோலம் மட்டும் இல்லை சார், மத்தபடி ஓக்கே" என்பார்.

எதிர் வரிசைக்காரர் வீடு மாற்றப் போகிறார் என்று கேள்வி. கேபிள் நூறு மீட்டர்தான் தாங்கும், அதற்கு அப்பால் பாருங்கள் என்று யோசனை சொன்னேன். அது எப்படியோ இவர் காதுக்கு எட்டிவிட்டது.

"ஸ்விட்சுல ஒரு சின்ன பொத்தான் இருக்கு சார். தள்ளிவிட்டா 250 மீட்டர் வரைக்கும் போகும். வேகம்தான் கொஞ்சம் குறையும்."