கர்ணனும் பீமனும் ஒரே கூரையில்

பல் துலக்குவதற்கு முன்பே ‘எத்தனை சதவீதம்?’ என்று விசாரிக்கும் மனிதர்களைப் பற்றி உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் அந்தக் கோஷ்டியைச் சேர்ந்தவர்கள்தாம்; நடுநிசியில் விழிப்புக் கண்டால் ஒரு மிடறு தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் கைப்பேசியைத் தடவி, வீட்டு வண்டியின் பேட்டரி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அதில் பார்த்து, இறங்கியிருப்பதற்காகத் துக்கப்பட்டு, அந்தத் துக்கத்தில் தூக்கத்தையும் இழப்பவர்கள்தாம்; மறுத்துப் பிரயோசனமில்லை. நானும் பார்ப்பவன்தான். ஆனால் தானாக விழித்துப் பார்ப்பது வேறு, பிறரால் உலுக்கப்பட்டுப் பார்ப்பது வேறு. நேற்றிரவு இரண்டு மணிக்குமேல், அரிஜோனாப் பாலைவனக் குளிரில் கம்பளிக்குள் ஒருவாறு உஷ்ணம் சேர்த்துக்கொண்டு கிடந்த என்னை, என் மனைவியின் தம்பி தோளைப் பிடித்து உலுக்கினான். “அத்தான், காத்து எந்திச்சிட்டு! எத்தன சதவீதம்னு பாருங்க, ஒங்க போன்தான் கைக்கிட்ட கெடக்கு” என்றான். பார்த்தேன். படுக்கும்போது 41 இருந்தது, இப்போதும் 41. “பாத்தேளா, எறங்கல்லியே!” என்று அவன் அடைந்த பரமானந்தத்துக்கு ஏற்ற சொற்கள் என்னிடம் இருக்கத்தான் செய்தன; அவனுடைய அக்காள் பக்கத்தில் படுத்திருந்த காரணத்தால் அவற்றை உபயோகிக்க முடியவில்லை.

நாங்கள் முகாமிட்டிருக்கும் க்வார்ட்ஸைட் என்னும் ஊர், கோடையில் ஈ காக்கை இல்லாமலும், குளிர்காலத்தில் வட அமெரிக்காவின் பென்ஷன்தாரர்கள் அனைவரும் தத்தம் வீட்டு வண்டிகளோடு வந்து இறங்கிவிட்டார்களோ என்று ஐயுறும்படியாகவும் இருப்பது. ஊருக்குத் தெற்கே லா போஸா என்ற பெயரில் அரசாங்க நில நிர்வாக இலாகா ஒதுக்கிவைத்திருக்கும் வெட்டவெளியில், செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு தங்கலாம். மின்சாரக் கம்பி கிடையாது; அவரவர் மின்சாரத்தை அவரவரே உண்டாக்கிக்கொள்ள வேண்டியது. ஊருக்குள் விசேஷமாகப் பார்க்கத்தக்கது, 1850-களில் அமெரிக்க ராணுவம் மூட்டை சுமப்பதற்காக ஒட்டகங்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தபோது அவற்றை நடத்த வந்த ஹாஜி அலியின் சமாதி. ஒட்டகத் திட்டம் சில வருஷங்களிலேயே கைவிடப்பட்டது. அவர் 1902-இல் காலமானார். 1935-இல் கல்லால் ஒரு பிரமிடு எழுப்பி உச்சியில் உலோக ஒட்டகம் ஒன்றை நிறுத்தினார்கள். மகத்தான யோசனைகள் பாலைவனத்துக்கு வந்து சேர்ந்தால் என்ன கதியை அடைகின்றன என்பதற்கு அந்த ஒட்டகத்தைவிடப் பெரிய எச்சரிக்கை இருக்க முடியாது. என் மைத்துனன் அதன் முன் சிரித்தபடி நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டான்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல உத்தேசித்திருப்பது, வீட்டு வண்டிக்காரர் ஒருவர் எத்தனை வாட் சோலார் பேனலுக்கு எத்தனை வாட் காற்றாடியைச் சேர்த்துக்கொள்வது உசிதம் என்ற விகிதாசாரக் கணக்கு ஒன்றே. அதற்கு வருமுன் மைத்துனனின் பூர்வோத்தரத்தைச் சிறிது சொல்லிவிட வேண்டும்.

அவன் பிறந்தது ஆரல்வாய்மொழியில். தென்மேற்குப் பருவக் காற்று மலைக் கணவாய் வழியே நெருக்கியடித்துக்கொண்டு புறப்படுகிற அவ்வூரிலும், அதை அடுத்த முப்பந்தலிலும் காற்றாலைகள் வரிசை வரிசையாகச் சுழல்வதைக் கண்டவன் ஆதலால், உலகத்திலுள்ள காற்று முழுவதும் தன் பிதுரார்ஜிதச் சொத்து என்ற எண்ணம் அவனுக்கு உண்டு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை நாமெல்லாம் பழமொழியாகக் கேட்டோம். அவன் மின்சார இலாகாவின் வாக்குறுதியாகக் கேட்டு வளர்ந்தான். ஆகவே கூரைமேல் 100 வாட் பேனல்கள் நான்கு குற்றமின்றி உழைத்துக்கொண்டிருந்தும் மனம் சாந்தியடையாமல், 400 வாட் என்று அட்டைப் பெட்டியின் நான்கு பக்கங்களிலும் கொட்டை எழுத்தில் அச்சிட்ட காற்றாடி ஒன்றை வரவழைத்து, வண்டியின் பின்புற ஏணியில் கம்பம் கட்டி அதை நிறுத்தினான். பெட்டியின் அடிப்பக்கத்தில், பூதக் கண்ணாடியின் துணையால் மட்டுமே வாசிக்கத்தக்க எழுத்தில், அந்த 400 வாட் மணிக்கு 28 மைல் வேகக் காற்றில் கிடைப்பது என்று கண்டிருந்தது. காற்றின் சக்தியோ அதன் வேகத்தின் முப்படியைப் பொறுத்தது. வேகம் பாதியானால் சக்தி பாதியாவதில்லை, எட்டில் ஒரு பங்காகிறது. 14 மைல் வேகத்துக்கு 50 வாட். 10 மைல் வேகத்துக்கு 18 வாட். 28 மைல் வேகத்தில் காற்று அடிக்குமானால் வெளியில் போட்ட நாற்காலி பக்கத்து முகாமுக்குப் போய்விடும். புத்தியுள்ளவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுவான். எத்தகைய காற்றாடியானாலும் காற்றிலுள்ள சக்தியில் 59.3 சதவீதத்துக்கு மேல் பிடுங்க முடியாது என்று ஜெர்மானிய விஞ்ஞானி ஆல்பர்ட் பெட்ஸ் நிறுவியிருப்பதை நான் எடுத்துக் காட்டியபோது, “அவரு ஆரல்வாமொழிக்கு வந்ததில்ல, அத்தான்” என்று சொல்லி விவகாரத்தை முடித்துவிட்டான்.

‘வெயில் இல்லாதபோது காற்று, காற்று இல்லாதபோது வெயில்’ என்பது அவனுடைய சித்தாந்தம். இதற்கு அவன் ஆதாரமாகக் காட்டுவது ராமாயணம். சுக்ரீவன் சூரிய குமாரன், அனுமன் வாயு குமாரன். அந்த அனுமன் பாடம் கேட்டதும் சூரியனிடத்திலேயே. இவ்விருவரும் கிஷ்கிந்தையில் அரசனும் மந்திரியுமாகச் சேர்ந்ததன் பயனாக இலங்கையே வீழ்ந்தபோது, கேவலம் ஒரு பேட்டரி நிரம்பாதா என்பது அவன் கேள்வி. கேள்வி நியாயமானதுதான். ஆனால் இதிகாசம் இரண்டு உண்டு என்பதையும், இரண்டாவதில் சூரிய குமாரன் கர்ணன், வாயு குமாரன் பீமன் என்பதையும், இருவரும் ஒரே தாயின் வயிற்றில் பிறந்தும் எதிரெதிர் அணியில் நின்றார்கள் என்பதையும் அவன் சௌகரியமாக மறந்துவிடுகிறான். எங்கள் கூரைமேல் நடப்பது ராமாயணம் அல்ல.

சோலார் பேனலைக் கவனியுங்கள். அது சாக்ஷாத் கர்ணன். உச்சிப் பொழுதில் சூரியனைத் தொழுது நிற்கும் வேளையில் யார் வந்து எதைக் கேட்டாலும் இல்லையென்னாதவன் அவன். அந்த வேளைக்கு நீங்கள் போய் நின்றால் உண்டு. அந்தி சாய்ந்தபின் போய் நின்று பயனில்லை. மார்கழியில் நடுப்பகலிலும் 35 பாகைக்கு மேல் ஏறாத இந்த ஊர்ச் சூரியனைக் கொண்டு, கூரையில் மல்லாந்து கிடந்தபடியே தன் 400 வாட்டில் பாதிக்குமேல் எடுத்துக் கொடுத்துவிட்டு, கொடுத்தோம் என்று ஒரு சத்தமும் போடாமல் இருக்கிறது. பேட்டரி நிரம்பிவிட்டால், ‘போதுமா? சரி’ என்று வெயிலில் சும்மா கிடக்கிறது. காற்றாடியோ பீமன். தூங்கினால் எழுப்ப முடியாது; எழுந்தால் அடக்க முடியாது. வீட்டில் ஒன்றும் தேவைப்படாத, பேட்டரி நூற்றைத் தொட்டு நிற்கிற, வெயில் சுள்ளென்று அடிக்கிற பிற்பகலில்தான் அவனுக்குக் கோபம் வரும். அப்போது இணைப்பைத் துண்டித்தோமானால் தடை ஏதுமின்றிச் சுழன்று சுழன்று தன்னைத் தானே முறித்துக்கொள்வான் என்பதால், அவன் உற்பத்தி செய்வதையெல்லாம் வாங்கி எரித்துத் தீர்ப்பதற்கென்றே ஒரு கம்பிச் சுருளைத் தனியாக மாட்டிவைக்க வேண்டியிருக்கிறது. பகாசுரனுக்கு அனுப்பிய வண்டிச் சோற்றைப் பீமன் தானே தின்று தீர்த்தானே, அந்தக் காரியத்தை இங்கே கம்பிச் சுருள் செய்கிறது. ஊருக்கு ஒரு பருக்கை மிச்சமில்லை. பாரத யுத்தம் 18 நாள், எங்கள் காற்றாடி 18 வாட் என்ற எண் பொருத்தத்தையும் நான் கவனியாமல் இல்லை. கர்ணனைக் கூரையிலும் பீமனைக் கம்பத்திலும் வைத்துக்கொண்டு, இருவருக்கும் தாயான குந்தியைப் போல நடுவில் கிடந்து தவிக்கிற பேட்டரியைத் தினம் காலையில் ‘எத்தனை சதவீதம்?’ என்று விசாரித்தால் அது என்ன பதில் சொல்லும்? வாயுவின் சுபாவத்தை அறிய வேறெங்கும் போக வேண்டாம். குழந்தை அனுமனை இந்திரன் வஜ்ராயுதத்தால் அடித்துவிட்டான் என்பதற்காக, மூவுலகமும் மூச்சுத் திணறும்படி தன் வேலையை அடியோடு நிறுத்திக்கொண்டு குகைக்குள் போய் உட்கார்ந்தவன் அவன். தேவர்கள் அத்தனை பேரும் பிரம்மாவை முன்னிட்டுக்கொண்டு போய்ச் சமாதானம் செய்தபின் மற்ற இடங்களில் வேலைக்குத் திரும்பினான். லா போஸாவில் இரவு நேரத்தில் இன்னும் திரும்பவில்லை. இங்கே தெளிந்த குளிர்கால இரவுகளில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து, அசையாமல் படுத்துவிடுகிறது. வெயில் இல்லாத நேரத்தில் காற்றும் இல்லை. காற்று வருகிற நேரத்தில் வெயிலும் இருக்கிறது.

நேற்றிரவைப்போல் அபூர்வமாக எழுந்தாலோ, அந்தச் சத்தத்தை என்னவென்று சொல்வது! கம்பம் ஏணியிலும், ஏணி வண்டிச் சுவரிலும், சுவர் என் தலைமாட்டுப் பலகையிலும் பிணைந்திருக்கிறபடியால், காற்றாடியின் ஒவ்வொரு சுற்றும் என் கபாலத்துக்குள் வந்துதான் முடிகிறது. ஜனரேட்டர் வைத்திருப்பவனுக்கு இரவு பத்து முதல் காலை ஆறு வரை மௌன விரதம் விதித்திருக்கிறார்கள். வாயுவுக்கு விதிப்பார் இல்லை. இத்தனை ஆர்ப்பாட்டத்தோடும் வந்து சேர்கிற வாட்டு ஐம்பதை, எங்கள் எரிவாயுக் கணப்பின் சூட்டை அறைக்குள் தள்ளுகிற சிறு விசிறி, தான் ஓடுகிற நேரத்தில் 90 வாட்டாக விழுங்கிக்கொண்டிருக்கிறது. 41 இறங்காமல் நின்றதன் ரகசியம், கணப்பு அடிக்கடி அணைந்து போனது. அதாவது நான் விறைத்துக் கிடந்தது.

என் மனைவி ஊரிலிருந்து 110 வோல்ட்டில் ஓடும்படி சொல்லிவைத்து வாங்கிவந்த கிரைண்டர் ஒன்று உண்டு. 150 வாட், நாற்பது நிமிஷம் ஓடினால் மாவு வெண்ணெய்போல் வந்துவிடும். ஆகக்கூடி 100 வாட்-மணி, உச்சிவேளைக் கர்ணனுக்கு அரை மணி வேலை. “ஏல, பன்னெண்டு மணிக்கு அரைச்சா தீந்துது” என்கிறாள் அவள். தம்பிக்கோ அது காற்றுக்குச் செய்யும் அவமரியாதை. காற்று தன் 18 வாட்டைக் கொண்டு ஐந்தரை மணி நேரத்துக்குமேல் சேர்த்துவைத்தபின், அந்தக் கணக்கிலிருந்தே உளுந்து அரைபட வேண்டும் என்கிறான். உளுந்து இரண்டு நாளாக ஊறிக்கொண்டிருக்கிறது. அதற்கு இந்தச் சித்தாந்தத்தில் எந்தப் பற்றும் இருப்பதாகத் தெரியவில்லை. போன வாரம் ஒரு தடவை, புழுதிக் காற்று அடித்த பிற்பகலில், குளிரில் புளிக்காமல் அடம்பிடித்த மாவுப் பாத்திரத்தை அவள் யாருக்கும் சொல்லாமல் அந்தக் கம்பிச் சுருளின் அருகில் கொண்டுபோய் வைத்தாள். மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு சார்ஜ் கன்ட்ரோலர்மேல் வழிந்தது. மறுநாள் இட்டிலி பூப்போல் இருந்தது, நான் ஒன்பது தின்றேன். காற்றாடியால் இந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த லாபம் அவ்வளவே என்று சொன்னதற்கு, அதையே அவன் தன் கட்சிக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டு, சுற்றிலும் 300 அடிக்குள் இருக்கும் எந்தப் பொருளையும்விடக் காற்றாடி 30 அடி உயர்ந்து நிற்க வேண்டும் என்ற விதியை எங்கேயோ படித்துவிட்டு, நீளக் கம்பம் ஒன்றுக்குச் சொல்லியனுப்பினான்.

கம்பம் இன்று காலை வந்திருக்கிறது. பேனலுக்கும் காற்றாடிக்கும் உள்ள விகிதாசாரத்தை இனிமேல்தான் சொல்ல வேண்டும், அதற்குள் அவன் துளை போடும் யந்திரத்தை எடுத்துக்கொண்டு கூரைமேல் ஏறி, சுண்ணாம்புக் கட்டியால் குறிபோட்டுவிட்டு, “அத்தான், எத்தன சதவீதம்? யந்திரம் ஓடுமா?” என்று கத்துகிறான். குறி என் கட்டிலுக்கு நேர் மேலே இருப்பதால், 12 சதவீதம்தான் இருக்கிறதென்று சொல்லிவிட்டு, அவன் இறங்கிவந்து சரிபார்ப்பதற்கு முன்னால் யந்திரத்தை ஒளித்துவைக்க நான் ஏணிப்பக்கம் போயாக வேண்டும்.