குன்றும் உண்டு, காலும் உண்டு

நடப்பதைப் பற்றிப் பேசுவதற்காக மூன்று நாள் உட்கார்ந்தே இருப்பவர்கள் உலகத்தில் உண்டு. பொழுதுபோக்காக நடக்கும் வழிகளைத் திட்டமிடுகிறவர்கள், பராமரிக்கிறவர்கள், அவற்றுக்குப் பணம் தேடுகிறவர்கள் என்று எல்லோரும் வட்டார மாநாடு என்ற பெயரில் கூடுவார்கள். கழுத்தில் அட்டை தொங்கும். ஏசி மண்டபத்தில் அமர்ந்து சேறு, சரிவு, வடிகால், வழிகாட்டிப் பலகை ஆகியவற்றை ஆராய்வார்கள். இதை நான் கேலி செய்யத்தான் போகிறேன், ஆனால் மரியாதையோடு. அமெரிக்காவின் கிழக்கே ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் அப்பலாச்சியன் நடைவழியை நடத்திக் காட்டியதே ஒரு மாநாடுதான். பென்டன் மெக்கை என்பவர் 1921-இல் ஒரு கட்டுரை எழுதினார். 1925-இல் வாஷிங்டனில் மாநாடு கூடியது. 1937-இல் வழி முடிந்தது. மாநாடு மட்டும் முடியவில்லை, ஏனென்றால் அந்த அமைப்பின் பெயரே 'அப்பலாச்சியன் நடைவழி மாநாடு'. 2005-இல் பெயரை மாற்றிக்கொள்ளும் வரை எண்பது வருடம் அது மாநாடாகவே இருந்தது. எண்பது வருடம் கலையாத மாநாட்டை நம் கட்சிகள்கூட நடத்தியதில்லை.

தென்கேரளத்துக்கும் குமரி மாவட்டத்துக்கும் சேர்த்து அப்படி ஒன்று கூட்டுவதென்றால் அதற்குரிய இடம் குன்னத்துகால். பெயரிலேயே குன்றும் இருக்கிறது, காலும் இருக்கிறது. சொல்லாராய்ச்சிக்காரர்கள் இந்தக் கால் வேறு கால் என்று சண்டைக்கு வந்தாலும் அழைப்பிதழில் அச்சடிக்க இது போதும். பாறசாலை ஒரு பக்கம், வெள்ளறடை மறு பக்கம், ரப்பர் தோட்டங்களுக்கு அப்பால் தமிழ்நாடு. பிரதிநிதிகளில் யாருக்காவது மூச்சு வாங்கினால் அதை ஒட்டியே காரக்கோணத்தில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அந்தக் கல்லூரியின் பெயரில் இருக்கும் டாக்டர் சாமர்வெல் சாதாரண ஆள் இல்லை. 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போனவர். இரண்டாம் தடவை ஆக்சிஜன் இல்லாமல் ஏறக்குறைய 28,000 அடி வரை ஏறி, இறங்கும்போது தொண்டை அடைத்துச் சாகப் பார்த்தவர். 1922 பயணத்துக்காக அந்தக் குழுவினருக்கு ஒலிம்பிக் பதக்கமே கொடுத்தார்கள். முதல் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்த்தபோது நெய்யூர் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்த கூட்டத்தைக் கண்டு, பிறகு வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தப் பக்கத்திலேயே கழித்தார். உலகத்தின் உச்சிக்கு வழி தேடியவரின் பெயரைப் பலகையில் வைத்திருக்கும் வட்டாரத்துக்கு நடைவழியைப் பற்றிப் பேசத் தகுதி இல்லை என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் என் கட்சி வேறு. இந்த மாநாட்டுக்காரர்கள் பாதைக்குத் திட்டமும் நிதியும் பலகையும்தான் உயிர் என்று நினைக்கிறார்கள். இந்த எல்லைப் பக்கம் காட்டும் சாட்சியம் அப்படி இல்லை. குறித்த நாளில் நடந்தே தீர வேண்டிய கட்டாயம் ஒருவருக்கு இருக்க வேண்டும். அவர் வரும்போது மோர்ப் பானையோடு நிற்க வேண்டிய கட்டாயம் இன்னொருவருக்கு இருக்க வேண்டும். இந்த இரண்டும் உள்ள பாதை சாகாது. இல்லாத பாதைக்குப் பளிங்கில் பலகை வைத்தாலும் அதன்மேல் குறுமிளகுக் கொடிதான் ஏறும்.

முதல் சாட்சி நவராத்திரி எழுந்தருளல். நவராத்திரி பூஜை பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது 1840 வாக்கில், சுவாதித் திருநாள் காலத்தில். அது முதல் மூன்று பிரதிநிதிகள் வருடந்தோறும் அறுபது கிலோமீட்டர்போலப் பயணம் போய்வருகிறார்கள்: கம்பர் பூஜித்ததாகச் சொல்லப்படும் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை. பத்மநாபபுரம் அரண்மனையில் உடைவாளைக் கைமாற்றுவதுதான் தொடக்க விழா. முதல் இரவு குழித்துறை, அடுத்த இரவு நெய்யாற்றின்கரை, மூன்றாம் நாள் திருவனந்தபுரம். அங்கே சரஸ்வதிக்கு நவராத்திரி மண்டபம், முருகனுக்கு ஆரியசாலை, நங்கைக்குச் செந்திட்டை என்று தங்குமிடம் தனித்தனி. எந்த மாநாட்டிலும் அறை ஒதுக்கீட்டில் இவ்வளவு தெளிவு கிடையாது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலம் பிரிந்தது. விளவங்கோடும் கல்குளமும் தமிழ்நாட்டுக்குப் போயின, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. சாமிகள் தேதியை மாற்றவில்லை. களியக்காவிளையில் ஒரு மாநிலப் போலீஸ் வழியனுப்ப, இன்னொரு மாநிலப் போலீஸ் அணிவகுத்து வரவேற்க, பாறசாலை வழியாகப் போய்க்கொண்டேயிருக்கிறார்கள். இரு மாநில அதிகாரிகள் ஒரே நாளில், ஒரே சாலையில், ஒரே கருத்தோடு நிற்பது முல்லைப் பெரியாற்றுக்குக்கூட வாய்க்காத அதிசயம். வழியில் இரவு தங்கும் நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயிலில் பட்ட மரமாக ஒரு பிலாவைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். எதிரிகள் துரத்தியபோது மார்த்தாண்ட வர்மா அதன் பொந்தில் ஒளிந்து தப்பினார் என்பது ஐதீகம். நடைவழி ஓய்விடம் எப்படி இருக்க வேண்டும் என்று கட்டுரை வாசிக்கிறவர்கள் அந்தப் பொந்தை ஒரு தடவை அளந்து பார்க்கலாம்.

இரண்டாம் சாட்சி எல்லைக்கு அந்தப் பக்கம், சிவாலய ஓட்டம். சிவராத்திரிக்கு முந்தைய நாள் முஞ்சிறை திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை என்று பன்னிரண்டு சிவன் கோயில்களைத் தொட்டுத் திருநட்டாலத்தில் முடிகிற, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் பயணம். கையில் பனையோலை விசிறி, வாயில் 'கோவிந்தா, கோபாலா'. சிவனைப் பார்க்கப் போகிறவர்கள் விஷ்ணு பெயரைக் கூவுவது ஏன் என்பதற்குக் கதை இருக்கிறது. புருஷாமிருகம் என்ற தீவிர சிவபக்த மிருகத்திடம் பால் வாங்கி வரப் பீமனை அனுப்புகிறார்கள். கூடவே கிருஷ்ணன் பன்னிரண்டு உருத்திராட்சத்தையும் கொடுத்து அனுப்புகிறான். பீமன் கோவிந்தா என்றதும் மிருகம் துரத்துகிறது. பீமன் ஓர் உருத்திராட்சத்தைக் கீழே போட, அது லிங்கமாகிறது. மிருகம் நின்று பூஜை செய்து முடிப்பதற்குள் பீமன் அடுத்த ஊர். நடைவழி வடிவமைப்புக்கு இதைவிட நல்ல பாடத்திட்டம் கிடையாது: உயிருக்குப் பயந்து ஓடுகிறவன் போட்ட பாதை என்பதால் ஓய்விடம் எங்கே வேண்டுமோ அங்கேதான் இருக்கிறது. இதில் இன்னொன்று, தொடங்கும் ஊரும் முடியும் ஊரும் அவ்வளவு தூரம் இல்லை. பஸ்ஸில் ஏறினால் சாயா ஆறுவதற்குள் போய்விடலாம். ஊர் போய்ச் சேருவது நோக்கமில்லை என்பதை முஞ்சிறைக்காரன் எந்த மாநாட்டுக்கும் போகாமலே தெரிந்துவைத்திருக்கிறான். வழியெல்லாம் மோரும் பானகமும் கஞ்சியும் கொடுக்க ஆள் நிற்கிறது. அவர்களுக்குத் 'தன்னார்வத் தொண்டர்' என்று பெயர் சூட்டினால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

வெள்ளறடைக்குப் போனால் தவக்காலத்தில் குரிசுமலை, சித்திரைப் பௌர்ணமிக்குக் காளிமலை. பக்கத்துப் பக்கத்து மலைகளில் இரண்டு மதங்களும் தங்கள் தங்கள் ஏற்றத்தை வருடம் தவறாமல் நடந்து புதுப்பிக்கின்றன. சட்டமும் இந்தக் கட்சியில்தான் இருக்கிறது. 1882-ஆம் வருடத்து ஈஸ்மென்ட் சட்டத்தின்படி அடுத்தவன் நிலத்தில் இருபது வருடம் தடையில்லாமல், ஒளிக்காமல், உரிமையோடு நடந்தால் அந்த வழி நடந்தவனுக்கு உரிமையாகும். சர்க்கார் நிலமென்றால் முப்பது வருடம். சர்க்காருக்குப் பாதத்தின் அருமை தெரியப் பத்து வருடம் கூடப் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தப் பக்கத்து முன்சிப் கோர்ட்டுகளில் இடவழிக்காகத் தாத்தா போட்ட கேஸைப் பேரன் நடத்துவது வழக்கம்தான். நடைவழி பற்றி ஆண்டுக்கணக்கில், இரு தரப்பும் ஆவணங்களோடு, அளவு தப்பாமல் விவாதிக்கும் வட்டார மாநாடு என்று பார்த்தால் அதுவும் ஒன்று. நுழைவுக் கட்டணத்தை வக்கீல் வாங்கிக்கொள்கிறார்.

இதற்கெல்லாம் வருகிற முதல் மறுப்பு, நீ சொல்வது பக்தி, நாங்கள் கேட்பது பொழுதுபோக்கு என்பது. அதிகாலை இருட்டில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் பால் வெட்ட நடக்கும் ரப்பர்வெட்டுக்காரரிடம் பொழுதுபோக்காக நடப்பதைப் பற்றிச் சொன்னால் அவர் நமக்காக வருத்தப்படுவார், உண்மைதான். ஆனால் இரண்டுக்கும் நடுவே இருக்கும் சுவர் அவ்வளவு உயரமில்லை. ஸ்பெயினில் சாந்தியாகோவுக்குப் போகும் வழி யாத்திரை வழிதான். 1987-இல் ஐரோப்பா கவுன்சில் அதைத் தன் முதல் பண்பாட்டு வழியாக அறிவித்தது. இன்று ஜெபம் தெரியாதவர்களும் நடக்கிறார்கள். அதில் நடந்துவிட்டு வந்த தென்கொரியப் பத்திரிகையாளர் சோ மியோங்சுக், சொந்தத் தீவான ஜேஜூவில் 2007-இல் ஒரு நடைவழியைத் தொடங்கினார். தீவைச் சுற்றி அது நானூறு கிலோமீட்டருக்கு மேல் வளர்ந்துவிட்டது. அதற்கு அவர் வைத்த பெயர் 'ஒல்லே'. ஜேஜூ பேச்சுமொழியில் தெருவிலிருந்து வீட்டு வாசலுக்கு வரும் ஒடுங்கிய வழி என்று பொருள். அதாவது, நம்முடைய இடவழி. அவர்கள் இடவழிக்குப் பெயர் வைத்து உலகத்தைக் கூப்பிட்டார்கள், நாம் ஜேசிபியைக் கூப்பிட்டு அகலப்படுத்தி, அதில் கார் போகிறதா என்று பார்க்கிறோம்.

இரண்டாம் மறுப்பு கனமானது. இங்கே சிரிப்பைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். பழைய வழிகளைப் பற்றி உருகுகிறாயே, அவை எல்லோருக்கும் திறந்திருந்தனவா? இல்லை. இதே நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி 1893-இல் வில்வண்டி பூட்டிப் பொதுச் சாலையில் போனதே ஒரு போராட்டமாக வேண்டியிருந்தது. வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காக 1924-லும் 1925-லுமாக 603 நாள் சத்தியாகிரகம் நடந்தது. ஈரோட்டிலிருந்து பெரியார் வந்து சிறை போனார். 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடத்தில் பெண்கள் உச்சிவரை ஏற உயர்நீதிமன்றத் தீர்ப்பும் 2019-ஆம் வருடமும் வர வேண்டியிருந்தது. ஆகவே பழையது என்பதால் புனிதம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கவனியுங்கள்: இந்த வழிகள் திறந்தது எந்தத் திட்ட அறிக்கையாலும் இல்லை. கூடாது என்ற இடத்தில் போய் நடந்தவர்களால். அடியும் உதையும் சிறையும் வாங்கிக்கொண்டு நடந்தார்கள். நடந்தால்தான் வழி என்ற என் கட்சிக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது; நான் சொன்ன பட்டியலில் அவர்களைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாம் மறுப்பில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் 23 பேர் இறந்தார்கள். காட்டில் கட்டாயமும் மோரும் போதாது. அனுமதி, வழிகாட்டி, தீக்கால எச்சரிக்கை எல்லாம் வேண்டும். அதன் பிறகு தமிழ்நாடு விதிமுறை வகுத்து, 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 மலையேற்ற வழிகளை முன்பதிவு முறையில் திறந்தது நல்ல காரியம். ஒப்புக்கொள்ளாத பாதி இது: காட்டுக்குப் போகும் வழிக்கு இவ்வளவு யோசித்தவர்கள், வீட்டிலிருந்து ஜங்ஷனுக்குப் போகும் வழிக்கு யோசிக்கவில்லை. நவராத்திரிச் சாமிகள் இன்று நடப்பது கன்டெய்னர் லாரிகள் ஓடும் தேசிய நெடுஞ்சாலையில். சிவாலய ஓட்டக்காரர்களில் ஒரு பெரும் பங்கு பைக்கில் ஓடுகிறது. ஓட்டம் என்ற சொல்லுக்கு ஓட்டுதல் என்று உரை எழுதிவிட்டார்கள். பழைய சுமைதாங்கிக் கல்லைப் பார்த்தால் தலைச்சுமையை இறக்க ஆள் கேட்காமல் நின்றவாக்கிலேயே இறக்கிவைக்கும் உயரத்தில் இருக்கும். வயிற்றில் பிள்ளையைச் சுமந்தபடி இறந்துபோன பெண்ணின் நினைவாக வைப்பது வழக்கம். அவள் இறக்கிவைக்க முடியாத சுமையை வழிப்போக்கர்கள் இறக்கிவைக்கட்டும் என்று. நடப்பவருக்கு இப்படி ஒரு வசதியை யோசித்த ஊர்களில் இன்று சில கற்கள் மதிலுக்கு அஸ்திவாரமாகக் கிடக்கின்றன, சிலவற்றில் கேபிள் டிவிக் கம்பி கட்டியிருக்கிறார்கள்.

எனவே குன்னத்துகால் மாநாடு கூடட்டும், நான் தடுக்கவில்லை. அட்டை மாட்டுவது மோர் கலக்குகிறவர்களுக்கு மட்டும் என்றால் இன்னும் நல்லது. ஒரு சிக்கல்தான் பாக்கி, எல்லைக் குழுவுக்குத் தலைவர் யார் என்பது. பீமன் கதையின் கடைசிக் காட்சி நினைவிருக்கிறதா? பன்னிரண்டாவது உருத்திராட்சமும் தீர்ந்தபோது பீமனின் ஒரு கால் எல்லைக்கு இந்தப் பக்கம், மறு கால் மிருகத்தின் பக்கம். என்னுடையவன் என்றது மிருகம், இல்லை என்றான் பீமன். வழக்கு தருமரிடம் போனது. அவர் இரு தரப்பையும் கேட்டு, தம்பி என்றும் பாராமல், பாதி உடம்பு மிருகத்துக்கே சொந்தம் என்று தீர்ப்பெழுதினார். ஒரு கால் பாறசாலையிலும் மறு கால் களியக்காவிளையிலுமாக வாழ்கிறவர்கள் இந்தத் தீர்ப்பைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டிருக்கிறார்கள். தருமர் மாதிரி ஒரு ஆளைத் தலைவர் நாற்காலியில் உட்கார வைப்பதானால், முன்வரிசையில் உட்கார யாரும் வர மாட்டார்கள்.