ஒண்டுக்குடித்தன கிராபிக்ஸ்

கல்லூரி நாட்களில் பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து 'வைஸ் சிட்டி' என்ற கம்ப்யூட்டர் கேம் ஆடியவன் நான். அடுத்த முறைக்குக் காத்திருக்கும் பையன் பிடரியில் மூச்சுவிட, பதற்றத்தோடு கார் ஓட்டிய காலம். சொந்தமாக ஒரு லேப்டாப் வாங்கி ராப்பகலாக ஆடித் தீர்ப்பது என்று அன்றைக்கே சபதம் போட்டேன். லேப்டாப்பும் வந்தது. கூடவே கல்யாணம், பிள்ளை, வீட்டுக்கடன், கழுத்துவலி எல்லாம் வந்துவிட்டதால், சபதத்தை நிறைவேற்ற நேரம் கிடைத்தது போன தீபாவளி லீவில்தான்.

அதே வரிசையில் வந்த ஜிடிஏ 5 போட்டேன். அது கம்ப்யூட்டருக்கு வந்தது 2015-ல். என் லேப்டாப் அதைவிட இளையது என்பதால் சமாளித்துவிடும் என்று நம்பினேன். காரை இடப்பக்கம் திருப்பினால், அது விண்ணப்பத்தை மேலிடத்துக்கு அனுப்பி, ஒப்புதல் வாங்கிக்கொண்டு திரும்பியது. ஒப்புதல் வருவதற்குள் கார் கடலுக்குள் போயிருந்தது. இந்தத் தாமதத்துக்குத்தான் 'லேக்' என்று பெயர். திரையின் மூலையில் எஃப்பிஎஸ் 14 என்று காட்டியது. அதாவது நொடிக்குப் பதினாலு படம். 30 இருந்தால் கஞ்சிக்குப் பஞ்சமில்லை, 60 இருந்தால் ராஜபோகம். பதினாலு என்பது ரேஷன்கூட இல்லை.

லேப்டாப்பின் ஃபேன் போட்ட இரைச்சலில், "என்னங்க, இந்த நேரத்துல யாரு மிக்ஸி போடறது?" என்று மனைவி எழுந்தே வந்துவிட்டாள்.

கைவைத்தியம் தொடங்கியது. 'கேம் பூஸ்டர்' என்று ஒன்றைப் போடச் சொன்னார் ஆபீஸ் நண்பர். போட்டேன். அது தன்னுடைய விளம்பரங்களை மட்டும் நல்ல வேகத்தில் ஓட்டியது. லேப்டாப்புக்கு எதிரே டேபிள் ஃபேன் வைத்தேன். மின்சாரக் கட்டணம்தான் பூஸ்ட் ஆனது. ஒன்பதாவது படிக்கும் மகன் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, முதல்ல சார்ஜரைச் சொருகுங்க. பேட்டரியில ஓடினா அது கையைக் கட்டிக்கிட்டுதான் வேலை செய்யும்" என்றான். சொருகினேன். 17 ஆனது. பள்ளிக் கட்டணம் முழுக்க வீண் போகவில்லை.

கடைசியில் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெரு. மாடிப்படிக்கு அடியில் ஒரு கடை. அதில் நெற்றியில் டார்ச் கட்டிய ஒரு தம்பி. பின்பக்க மூடியைக் கழற்றி, ஃபேனை நெம்பி எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினார். காற்று வெளியேறும் செம்புத் தகடுகளின் வாசலை அடைத்துக்கொண்டு, சாம்பல் நிறத்தில் நெய்தது போல ஒரு துண்டுத் தூசி. சாமணத்தால் பிடித்து இழுத்தபோது கிழியாமல் முழுசாக வந்தது.

"சார், பிராசஸர் நூறு டிகிரியை நெருங்கினா, வெந்து சாகாம இருக்க அதுவே வேகத்தைக் குறைச்சுக்கும். உங்க மிஷின் பயந்துபோய் நடந்துக்கிட்டு இருக்கு."

பிறகு இன்னொரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். ரேம் செருக இரண்டு பள்ளங்கள் இருந்தன. ஒன்றில் 8 ஜிபி. மற்றது, வாங்கிய நாளிலிருந்து காலி.

"உங்களுக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது சார். பிராசஸருக்குள்ளேயே ஒண்டுக்குடித்தனம். தனி கார்டுன்னா அதுக்குன்னு சொந்த மெமரி இருக்கும். இது குடிக்கவும் குளிக்கவும் ரேம்லேர்ந்துதான் தண்ணி பிடிக்கணும். பிராசஸரும் அதே குழாய்லதான் குடம் வெச்சிருக்கான். ஒத்த ரேம், ஒத்த குழாய். சண்டை வராம என்ன பண்ணும்?"

திருவல்லிக்கேணியில் ஒன்பது குடித்தனத்துக்கு ஒரு குழாய் இருந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி வாங்கிச் செருகச் சொன்னேன். அளவு கூடியது இருக்கட்டும், இரண்டு ரேமிலிருந்தும் ஒரே நேரத்தில் தண்ணீர் வரும் என்பதுதான் இதில் விசேஷம். தகடு துடைத்து, காய்ந்து பொருக்காகியிருந்த தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிதாகத் தடவி மூடினார்.

வீட்டுக்கு வந்ததும் மகன் செட்டிங்ஸில் உட்கார்ந்தான். 1920-க்கு 1080 என்றால் ஒவ்வொரு படத்துக்கும் 20,73,600 புள்ளி. 1280-க்கு 720 ஆக்கினால் 9,21,600. பாதிக்கும் கீழே. நிழலைக் குறைத்தான். புல்லைக் குறைத்தான். ஓரங்களை மழுங்கச் செய்யும் எம்எஸ்ஏஏ-வை அடியோடு அணைத்தான். "திருடன் போலீஸ் துரத்த ஓடறான், புல்லு எத்தனை இதழ்னா எண்ணப் போறான்?" என்றான். பின்னால் நான் திறந்து வைத்திருந்த 43 பிரவுசர் டேப்களை அவன் பார்த்த பார்வையை இங்கே எழுதுவதற்கில்லை. அவையும் அதே குழாயில் குடம் வைத்திருந்தவைதான்.

மூலையில் 38, 40, 41. ஃபேன் முனகலோடு நிறுத்திக்கொண்டது. காரை இடப்பக்கம் திருப்பினேன். சொன்ன நொடியில் திரும்பியது. நேராகக் கடலுக்குள் போனது.

"லேக்குடா" என்றேன்.

"நாப்பது எஃப்பிஎஸ்ப்பா" என்றான் மகன்.

ஆகவே நண்பர்களே, ஆட்டம் திக்கினால் உடனே புது லேப்டாப்புக்குத் தவணை போடாதீர்கள். சார்ஜரைச் சொருகுங்கள், தூசியைத் தட்டுங்கள், இரண்டாவது ரேம் செருக இடம் இருக்கிறதா பாருங்கள், நிழலையும் புல்லையும் தியாகம் செய்யுங்கள். ஒன்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்: இருபது வருடமாக என் ஓட்டுதலுக்கு இருந்த ஒரே சாக்கு அந்த லேக்தான். அதை நானே காசு கொடுத்துச் சரிசெய்துவிட்டேன்.