பின்கதவக் கம்பிப் புணரியல்

மாணாக்க, கேள். பின்புறம் முழுவதும் மேல்நோக்கித் திறக்கும் குறுமகிழுந்தின் ஐந்தாம் கதவு பின்கதவம் எனப்படும். உலகோர் அதனை டிக்கி என்பர். அவ்வழக்கை யாம் மறுக்கவில்லை, கைக்கொள்ளவும் இல்லை. பின்கதவத்துக்கும் கூரைக்கும் நடுவே, கீலை ஒட்டி, ஒரு கரிய இரப்பர்க் குழல் வளைந்து கிடப்பதைக் காண்பாய். அது நெளியுறை. அதனுள் ஓடும் கம்பிகள் அறுதலும், அறுந்தவை கூடுதலுமே இவ்வியலின் பொருள்.

ஆராய்ச்சிக் களம் பெங்களூரின் சீராம்புரம். (பெயரின் முதலில் வடவெழுத்து இடுவோரும் உளர், அஃது அவர் பாடு.) 2014 மார்ச்சு முதல் நாள் தொட்டு இவ்வூரின் தலைக்குமேல் மெட்ரோ தொடர்வண்டி ஓடுகிறது. ஆயினும் கீழே, குறுந்தெருக்களில் சுவரோடு முதுகு ஒட்டி நிற்கும் மகிழுந்துகள் குறையவில்லை. ஆதலின் களம் வற்றவில்லை.

முதலாவது, கரணியம். அது ஒன்றே: மடிதல். ஒவ்வொரு கம்பியும் பல செம்பு நுண்ணிழைகளின் தொகை. கதவம் திறக்குந்தோறும் மூடுந்தோறும் அவை ஒரே இடத்தில் மடிகின்றன. அவ்விடத்தை மடிவாய் என்க. ஆண்டுகள் செல்ல மேலுறை விறைக்கும்; உள்ளே இழைகள் ஒவ்வொன்றாய் இறும். 1983இல் மாருதி 800 தெருவுக்கு வந்தபோது பின்கதவத்தில் பின்னோக்குக் கண் என ஒன்று இல்லை. இன்றோ துடைப்பான், பனிநீக்கி, பூட்டுப்பொறி, நிறுத்தொளி, பின்னோக்குக் கண் எனக் குடி பெருகிவிட்டது. குடி பெருகிய வீட்டுக்கு வாயில் மட்டும் அதே ஒன்று.

இரண்டாவது, கம்பி வகை. அவை ஏழு. மேற்சொன்ன ஐந்தும் பெயரானே விளங்கும். அவற்றுள் பனிநீக்கிக் கம்பி மட்டும் தடித்தது, பத்து ஆம்பியரைக் கடந்தும் சுமப்பது என்பதை நினைவில் வை. எஞ்சிய இரண்டே விரிவுக்கு உரியன.

(அ) எண்பலகைக் கம்பி. மிக மெலிந்தது. 5 வாட்டுக் குமிழ் ஒன்றுக்கு அரை ஆம்பியரும் வேண்டாது. ஆயினும் சட்டத்தின் கண் படுவது இதுவே. 1989ஆம் ஆண்டின் நடுவண் ஊர்தி நெறிகளுள் 105ஆவது, பின்புற எண் 15 மீட்டர் தொலைவில் படிக்கும்படி வெள்ளொளி பெறுக என்கிறது. இக்கம்பி அறுந்ததை உடையவன் அறியான். பின்னால் வருவோன் அறிவான். அவன் காவலனாயின் இருவரும் அறிவர்.

(ஆ) நிலக்கம்பி. பெரும்பாலும் கருநிறத்தது. ஏனையவை கொண்டுவந்த மின்னை வண்டியின் உடலுக்குத் திருப்புவது இதன் தொழில். இஃது அறுந்தால் எல்லாம் அணையும் என்பர் ஒருசாரார். அன்று. திரும்பும் வழி இழந்த மின், அயல் விளக்கின் உள்ளே புகுந்து வழி தேடும். பழைய குமிழ்விளக்கு வண்டிகளில் நிறுத்துமிதியை மிதித்தால், யாரும் ஏவாத எண்பலகை விளக்கு மங்கலாய் ஒளிர்வது இதனாலேயே. இதற்கு அயலொளி என்று பெயரிட்டோம். அயலொளி கண்டவுடன் குமிழை மாற்றுவோர் பலர். நீ கருங்கம்பியைத் தேடு.

சில வண்டிகளில் பின்கண்ணாடிக்கு நீர் கொண்டுசெல்லும் சிறுகுழலும் நெளியுறைக்குள் உறையும். அது கம்பியன்று. ஆயினும் வெடித்தால் எல்லாவற்றையும் நனைக்கும் ஆதலின் உடனுறை எனக் குறித்து விடுத்தோம்.

மூன்றாவது, வழு. அது முற்றறவு, உரிவு, உள்ளறவு என மூன்று. முற்றறவு கண்ணுக்கே தெரியும். அதற்கு நூல் வேண்டா. உரிவாவது மேலுறை கிழிந்து செம்பு வண்டியின் இரும்பைத் தொடுதல். மின்னுருகி எரியும். புதியது இட்டால் அதுவும் எரியும். சினந்து, கூடுதல் ஆம்பியர் உருகி இடுவோன் கம்பியையே உருகியாக்குகிறான்.

உள்ளறவே ஆராயத்தக்கது. உறை முழுதாய் இருக்க, உள்ளே இழை இற்ற நிலை அது. அதன் கிளைகள் நான்கு: கதவம் திறந்திருக்கையில் மட்டும் எரிவது திறப்பொளி, மூடினால் மட்டும் எரிவது மூடொளி, ஓங்கி அறைந்தால் எரிவது அறையொளி, வீட்டில் எரியாது, பணியாளன் முன்னிலையில் மட்டும் பழுதின்றி எரிவது பட்டறையொளி. நான்காவதற்கு மருந்தில்லை. வண்டியைத் திருப்பி ஓட்டிச் செல், தெருமுனையில் அணையும், மீண்டும் வா.

உள்ளறவைக் காணும் முறை: மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்று. நெளியுறையின் இரு வாயையும் பிதுக்கி விலக்கு. ஒவ்வொரு கம்பியையும் இரு விரலால் மெல்ல இழு. செம்பு முழுதாய் உள்ளது நீளாது. இற்றது, உறை மட்டுமே தாங்குதலின், நீளும். மின்னளவி பின்னர்ச் சான்றுக்கு மட்டும் போதும்.

நான்காவது, புணர்ச்சி. கூரையினின்று வருவது நிலைக்கம்பி. கதவத்தினின்று வருவது வருகம்பி. இரண்டையும் முறுக்கி ஒட்டுநாடா சுற்றுவது இயல்புப் புணர்ச்சி. இது பெருவழக்கு. வெயிலில் பசை இளகி நாடா நழுவ, அடுத்தடுத்த கம்பிகள் தம்முள் தொடும். எனவே இது புணர்ச்சி என்பதினும் உரிவு வழுவின் தொடக்கம் எனலே பொருந்தும்.

திரிபுப் புணர்ச்சி தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று. இற்ற பகுதியை வெட்டி எறிவது கெடுதல். நுண்ணிழைகளை விரித்து ஒன்றினுள் ஒன்று புகுத்தி முறுக்குவது திரிதல். அவற்றின்மேல் பற்றாசு உருகிப் பரவுவது தோன்றல். செய்முறையில் கெடுதல் முன்னும் தோன்றல் பின்னும் வரும். இலக்கண நூலார் வேறு வரிசை கூறுவர், அவர்கள் பற்றவைத்தவரல்லர்.

கெடுதலால் கம்பி குறுகும். குறுகியதை இழுத்துக் கட்டின் மறுமாரிக்குள் அறும். ஆதலின் அளபெடை வேண்டும்: அதே தடிமனில், நுண்ணிழை மிகுந்த, சிலிக்கோன் உறையிட்ட மென்கம்பியை இடையில் சேர்த்தல். அது நெளியுறையின் முழு நீளத்தையும் கடந்து இருபுறமும் செல்ல வேண்டும். ஏனெனில், மாணாக்க, இவ்வியலின் தலைமை நூற்பா இதுவே: புணர்ச்சி மடிவாயில் நிகழலாகாது. பற்றாசு இழைகளினூடே ஏறிக் கம்பியை விறைக்கச் செய்யும்; விறைத்தது முடியும் இடத்தில் கம்பி மீண்டும் இறும். ஒரு புணர்ச்சி கூரைக்குள், ஒன்று கதவத்துக்குள். அடுத்தடுத்த கம்பிகளின் புணர்ச்சிகள் ஒரே வரிசையில் அமையாமல் முன்பின்னாக விலகி நிற்க. வெப்பத்தால் சுருங்கும் உறைக்குழலைப் பற்றவைக்கும் முன்பே கம்பியில் கோத்துவிடு. பின்னர்க் கோக்க வழியில்லை. இப்பொருள்களெல்லாம் பெங்களூரின் எசு.பி. தெருவில் கிடைக்கும்.

நிறம் ஒத்த மென்கம்பி கிடையாதபோது நடுவில் வேற்றுநிறம் இடுதல் இடைப்போலி. அது குற்றமன்று. ஒரு கம்பியை வெட்டிக் கூட்டி முடித்த பின்னரே அடுத்ததை வெட்டு. எல்லாவற்றையும் சேர வெட்டிய ஒருவனின் வண்டியில் துடைப்பானை முடுக்கினால் பூட்டு துடிக்கும்.

ஐந்தாவது, பணிமக்களின் தீர்ப்புரை. "வயர் கட் ஆகிதெ" என்பது கன்னடம் கலந்த காட்சியுரை, பெரும்பாலும் மெய். "ஃபுல் ஹார்னெஸ் மாத்தணும் சார்" என்பது விலையுரை. "விடுங்கண்ணா, பின்னாடி லைட்டை யாரு பாக்கப்போறா" என்பது அமைதியுரை; 105ஆம் நெறிக்கு முரண்.

பணி முடிந்ததும் எதிர்முனையைப் பூட்டுக. பூட்டாமல் விளக்கை முடுக்கி, எரியவில்லை என்று புணர்ச்சியை மீண்டும் பிரிப்போரை யாம் எவ்வகையுள்ளும் சேர்த்திலேம்.