மெய்யும் முழுக்கைச் சட்டையும்: புதுப் பட்டதாரிகளின் நேர்முக ஆயத்தம் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

"எங்கள் நிறுவனத்தில் சேர ஏன் விரும்புகிறீர்கள்?" என்பது கேம்பஸ் இன்டர்வியூவின் நிலையான வினா. "நீங்கள்தான் சார் எங்கள் காலேஜுக்கு வந்தீர்கள்" என்பது அதன் மெய்யான விடை. பிளேஸ்மென்ட் சீசன் முழுக்கத் தேடினாலும் இந்த விடையைச் சொன்னவர் அகப்படமாட்டார். அந்த மெய் எங்கே போகிறது என்பதே ஆய்வுச் சிக்கல். நான்காண்டுப் படிப்புக்கும் கிடைக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பு ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது.

2. முன்னோர் மரபு

ஆள் தேர்பவருக்குத் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என இரண்டு அதிகாரங்களை வகுத்த வள்ளுவர், எதிரே உட்கார்ந்து வியர்ப்பவருக்கு அவையஞ்சாமை ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். இரண்டுக்கு ஒன்று என்ற இந்த விகிதம் இன்றைய பேனலிலும் குறையவில்லை.

முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு இன்னும் வியப்பளிப்பது. கி.பி. 921இல் வகுத்த விதிப்படி, கடந்த மூன்றாண்டுகளில் ஊர்ச்சபை வாரியத்தில் இருந்தவருக்கு மீண்டும் இடமில்லை. இன்றோ, ஃபிரெஷருக்கான விளம்பரமே மூன்றாண்டு அனுபவம் கேட்கிறது. மேலும் அங்கே ஆளைத் தேர்ந்தெடுக்க, பெயர் எழுதிய ஓலையைக் குடத்திலிருந்து எடுத்தது ஒரு சிறுவன். அடுத்த ஐந்தாண்டில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்று அவன் யாரையும் கேட்டதாகக் கல்வெட்டில் இல்லை.

3. களத் தரவுகள்

அ) ஆப்டிட்யூட்: மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் செல்லும் 200 மீட்டர் ரயில் விளக்குக் கம்பத்தை எத்தனை நொடியில் கடக்கும்? 5/18ஆல் பெருக்கினால் நொடிக்கு 20 மீட்டர்; விடை 10. அன்ரிசர்வ்டு பெட்டியில் நின்றபடியே சென்னைக்குத் தேர்வெழுத வருபவரும் இக்கணக்கைத்தான் போடுகிறார். அவர் ரயில் சிக்னலுக்காக அரக்கோணத்தில் நின்றுகொண்டிருக்கும் நேரத்துக்கு மட்டும் சூத்திரம் இல்லை.

ஆ) உடை: வெளிர்நீல முழுக்கைச் சட்டை, கறுப்பு பேன்ட், அறைத்தோழனின் ஷூ. விடுதிக்கு ஒரு டை. சீனியர் போட்ட முடிச்சை அவிழ்க்க எவருக்கும் துணிவில்லை. தளர்த்தி, தலைவழியே கழற்றி, அடுத்தவருக்குத் தருவதே மரபு.

இ) குழு விவாதம்: பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசுவது. பிறர் பேச்சைக் கேட்கும் திறனுக்கு இங்கே மதிப்பெண் உண்டு.

ஈ) பொழுதுபோக்கு: "வாசிப்பு" என்பர். "கடைசியாக வாசித்த நூல்?" என்ற துணைவினாவுக்கு மெய்விடை, ஆர்.எஸ். அகர்வாலின் ஆப்டிட்யூட் புத்தகம்.

உ) பலவீனம்: "எதையும் குறையில்லாமல் முடிக்கும்வரை எனக்குத் தூக்கம் வராது சார்." இப்படித் தூக்கமிழந்தோர் மாடிக்கு இருபது பேர் வாழும் விடுதியில், குழாய் மட்டும் முதலாமாண்டிலிருந்து ஒழுகுகிறது. தொட்டி நிரம்பும் நேரத்தைக் கணிக்க எல்லாருக்கும் தெரியும்.

4. கண்டறிதல்

மெய்யை மறைப்பது இக்காலச் சீரழிவு என்பாருக்கு ஒரு சான்று. 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு எழுத்தர் வேலை கேட்டு ஓர் இளைஞர் விண்ணப்பித்தார். எஃப்.ஏ. தேர்வில் தவறியவர் அவர். இன்றைய வழக்கில் அரியர், கேப் இயர் இரண்டும் உள்ளவர். ஆனால் "தவறினேன்" என்ற சொல் விண்ணப்பத்தில் இல்லை. சில எதிர்பாராத இடர்களால் படிப்பைத் தொடர இயலவில்லை என்றும், காலத்தையெல்லாம் கணிதத்தில் செலவிட்டதாகவும், வேலை தந்தால் செவ்வனே செய்யும் நம்பிக்கை உண்டென்றும் எழுதினார். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் பரிந்துரைக் கடிதமும் உடன் சென்றது. மாதம் 30 ரூபாயில் வேலை கிடைத்தது. விண்ணப்பித்தவர் சீனிவாச ராமானுஜன்.

ஆகவே மெய் எங்கும் தொலைவதில்லை. முழுக்கைச் சட்டை மாட்டிக்கொண்டு உள்ளே வருகிறது. கேட்பவரும் ஒரு காலத்தில் அதே சட்டையில் வந்தவர் என்பதால் பொத்தானை அவிழ்த்துப் பார்ப்பதில்லை.

5. பரிந்துரைகள்

அரியர் உள்ளவர்கள் ராமானுஜனை மேற்கோள் காட்டலாம். பேனல் அடுத்துக் கணிதத்தில் ஒரு கேள்வி கேட்கும் என்பதால், காட்டாதிருப்பது நலம்.