ஆமை செய்த குற்றம்

ஆதம்பாக்கத்துக்குக் கடல் கிடையாது. ஆனாலும் கடலோடு எங்களுக்குக் கொடுக்கல் வாங்கல் உண்டு. எங்கள் ஏரியிலிருந்து இறங்கும் கழிவு வீராங்கல் ஓடை பிடித்துப் பள்ளிக்கரணை போய் அங்கிருந்து கடலுக்குப் போகிறது. பதிலுக்குக் கடல் ஞாயிற்றுக்கிழமைதோறும் இறால் அனுப்புகிறது.

"காசிமேட்டு சரக்கு சார், மடியில வந்த எறா. மீசையைப் பாரு, ஒண்ணுகூட உடையல" என்றார் மீன்கார அம்மா.

மீசை உடையவில்லை. அதே மடிவலையில் வேறு என்ன வந்தது என்று கேட்க நாக்கு எழவில்லை.

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். அமீனாவை நம்மால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆமை வாயில்லாத ஜீவன், அதைக் கவனித்துவிட்டோம். 2025 ஜனவரியில் சென்னையையும் சுற்றுக் கடற்கரையையும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. கண் பிதுங்கி, கழுத்து வீங்கி. மூச்சு முட்டிச் செத்த சாவு.

தப்பு ஆமைமேல்தான். கடலுக்குள் குடியிருந்துகொண்டு, காற்றுக்கு மேலே வருவேன் என்று அடம்பிடித்தால் எப்படி? மீனெல்லாம் ஒழுங்காகச் செவுளில் காரியத்தை முடித்துக்கொள்ளவில்லையா? இழுவை மடி மணிக்கணக்கில் கடலடியைச் சுரண்டிக்கொண்டு போகும். உள்ளே ஒருத்திக்கு மூச்சு வாங்குகிறது என்று நடுவில் மடியைத் தூக்குவார்களா, டீசல் விற்கிற விலையில்?

கடல் மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்த 1983-லேயே தமிழ்நாட்டில் சட்டம் போட்டாயிற்று. கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவைப் படகு தொழில் செய்யக் கூடாது. அந்த ஐந்து மைலுக்குள் முட்டையிட ஆமை வருகிறது. இறாலுக்காகப் படகும் வருகிறது. சட்டம் ஒன்றுதான் வருவதில்லை.

இத்தனைக்கும் தீர்வு ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. மடிக்குள் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம், மேலே ஒரு திறப்பு. இறால் கம்பி இடுக்கில் நுழைந்து பின்னால் போய்விடும். ஆமை முட்டிக்கொண்டு வெளியேறிவிடும். கொச்சியில் இருக்கும் மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம் மடிக்கு ஏற்றபடி வடிவமைத்தும் கொடுத்துவிட்டது. ஆனால் திறப்பு வழியே கொஞ்சம் மீனும் தப்பிவிடுமாமே! அமெரிக்கா "இந்தத் திறப்பு இல்லாமல் பிடித்த இறால் வேண்டாம்" என்றபோது மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்தோடு கைகோத்து உலக வர்த்தக அமைப்பில் வழக்காடிய நாடு இது. பாகிஸ்தானோடு நாம் ஒத்துப்போன விஷயங்களை விரல்விட்டு எண்ணலாம். அதில் ஒன்று ஆமைக் கழுத்து.

பெசன்ட் நகர், நீலாங்கரை மணலில் 1988 முதல் மாணவர்கள் ராத்திரி ராத்திரியாக நடக்கிறார்கள். முட்டைகளை எடுத்து, பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். சம்பளம் கிடையாது. ஆயிரம் குஞ்சில் ஒன்று தேறினால் அதிகம். அது பல வருஷம் கழித்துத் தாயாகி, வயிறு நிறைய முட்டையோடு பிறந்த கரைக்குத் திரும்பி வந்து, கரைக்கு எதிரிலேயே மடியில் மாட்டிச் சாகிறது.

வனவிலங்குச் சட்டத்தில் பங்குனி ஆமைக்கும் புலிக்கும் ஒரே அட்டவணை. மெரினாவில் ஆயிரம் புலி செத்துக் கிடந்திருந்தால் டெல்லி இறங்கி வந்திருக்கும். ஆமைக்கு ஜேசிபி வந்தது. குழி தோண்டி, தள்ளி, மூடிவிட்டுப் போனது.

"அரைக் கிலோ போடட்டுமா சார்?"

"ஒரு கிலோவாவே போடும்மா. உரிச்சிக் குடு."