முதலில் பெட்டி பறக்கட்டும்! (வாசகர் கேள்வி-பதில்)

அண்ணாச்சி, பிளெண்டரில் அழகாக ஒரு விமானம் செய்து வைத்திருக்கிறேன். அப்படியே சிமுலேட்டருக்குள் போட்டால் ஏன் ஏற்க மாட்டேன் என்கிறது? இடையில் இந்த ஆட்-ஆன் எதற்கு?
கல்லூரி மாணவர், இருக்கன்குடி

தம்பி, நீங்கள் செய்து வைத்திருப்பது விமானத்தின் உருவம் மட்டும்தான். சிமுலேட்டருக்கு அது போதாது. சக்கரம் எந்த அச்சில் மடங்கும், சுக்கான் எவ்வளவு திரும்பும், எது கண்ணாடி, எது தகரம், ராத்திரியில் எந்த விளக்கு எரியும் என்று அத்தனையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அதையும் ஒவ்வொரு சிமுலேட்டரும் ஒவ்வொரு விதமாகக் கேட்கிறது. ஃபிளைட்கியருக்குப் பெரும்பாலும் ஏசி3டி வடிவம். 2020-ல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டருக்கு ஜிஎல்டிஎஃப். எக்ஸ்-பிளேனுக்கு ஓபிஜே. பெயரைப் பார்த்து, பிளெண்டரிலேயே இருக்கும் ஓபிஜே எக்ஸ்போர்ட்டை அழுத்திவிடாதீர்கள். இரண்டுக்கும் பெயர்தான் ஒன்று, உள்ளே இருப்பது வேறு வேறு. அந்தந்த சிமுலேட்டர் கேட்கும் விதத்தில் பிளெண்டரிலிருந்து எழுதிக் கொடுப்பதுதான் ஆட்-ஆனின் வேலை. எந்த சிமுலேட்டர் என்பதை முதலில் முடிவு செய்தால், எந்த ஆட்-ஆன் என்பது தானாக முடிவாகிவிடும்.

கிட்ஹப்பிலிருந்து ஜிப் இறக்கி இன்ஸ்டால் கொடுத்தேன். பட்டியலில் ஆட்-ஆன் பெயரே வரவில்லை. "கம்ப்யூட்டரை ஃபார்மட் பண்ணு" என்கிறான் நண்பன்.
வாசகர், சிவகாசி

முதலில் நண்பரைத் தடுத்து நிறுத்துங்கள்! கம்ப்யூட்டர் மேல் ஒரு தப்பும் இல்லை. பெரும்பாலும் அந்த ஜிப்தான் காரணம்.

கிட்ஹப் பக்கத்தில் கண்ணைப் பறிக்கிற பச்சை பட்டனை அழுத்தினால் மூல நிரல் முழுவதும் மூட்டையாக வந்து இறங்கும். கோப்புறைப் பெயருக்குப் பின்னால் 'மெயின்' என்றோ 'மாஸ்டர்' என்றோ ஒரு வால் ஒட்டியிருக்கும். பழைய பெயரை நம்பி ஒன்றையொன்று தேடுகிற கோப்புகள் அதில் வழி தெரியாமல் நிற்கும். சில சமயம் நிஜமான ஆட்-ஆன் இன்னும் ஒரு அடுக்கு உள்ளே போய் உட்கார்ந்திருக்கும். மேலடுக்கைப் பார்த்துவிட்டு, இங்கே ஒன்றும் இல்லை என்று பிளெண்டர் திரும்பிவிடும். அதனால் 'ரிலீசஸ்' பகுதிக்குப் போங்கள். ஆட்-ஆனை உருவாக்கியவரே கட்டி வைத்த ஜிப் அங்கே இருக்கும். அதைப் பிரிக்காமல், எடிட், பிரிஃபரன்சஸ், ஆட்-ஆன்ஸ் என்று போய், 'இன்ஸ்டால் ஃப்ரம் டிஸ்க்' கொடுத்து, பெயருக்குப் பக்கத்தில் டிக் போடுங்கள். டிக் போட மறந்துவிட்டு நாள் முழுக்க மெனுவைத் துழாவுகிறவர்கள் ஏராளம்.

அப்படியும் வரவில்லையா? வெர்ஷனைப் பாருங்கள். 2019 ஜூலையில் வந்த 2.80 பிளெண்டரின் உள்கட்டமைப்பையே மாற்றியது. அதற்கு முன்னால் எழுதிய ஆட்-ஆன்கள் திருத்தாமல் ஓடாது. 2024 ஜூலையில் வந்த 4.2-ல் 'எக்ஸ்டென்ஷன்' என்ற புது ஏற்பாடு வந்துவிட்டது. ஆட்-ஆன் எந்த வெர்ஷனுக்கு என்று குறிப்பில் எழுதியிருக்கும். அந்த பிளெண்டரையே இறக்கிக்கொள்ளுங்கள். ஒரே கம்ப்யூட்டரில் நாலைந்து பிளெண்டர் சண்டையில்லாமல் குடியிருக்கும். விண்டோஸில் 'விண்டோ' மெனுவுக்குள் 'டாகிள் சிஸ்டம் கன்சோல்' என்று ஒன்று உண்டு. அதில் வரும் ஆங்கிலத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கடைசி வரியை மட்டும் படியுங்கள். எந்தக் கோப்பில் சிக்கல் என்று பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். ஆட்-ஆன் வந்ததும் விமானத்தைத் தொடாதீர்கள். பிளெண்டரைத் திறந்ததும் நடுவில் ஒரு பெட்டி நிற்கும் இல்லையா? இரண்டு மீட்டர் நீளம், அகலம், உயரம். அந்தப் பெட்டியை எக்ஸ்போர்ட் செய்து, சிமுலேட்டருக்குள் கொண்டுபோய், ஓடுபாதையில் நிறுத்துங்கள். பெட்டி சரியான அளவில் தெரிந்தால் பாதை திறந்துவிட்டது என்று அர்த்தம். தெரியவில்லை என்றால், மாதக்கணக்கில் விமானம் செய்து முடித்த பிறகு தெரியவேண்டியது முதல் நாளே தெரிந்துவிட்டது. அதைவிட லாபம் வேறென்ன?

ஏற்றிப் பார்த்தேன். விமானம் மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. புரொப்பெல்லர் விமானத்தையே வலம் வருகிறது!
வாசகர், சாத்தூர்

பக்தியுள்ள புரொப்பெல்லர்! ஆனாலும் அதை அதன் இடத்தில் சுற்றவைப்போம். ஒரு பாகம் எந்தப் புள்ளியைச் சுற்றும் என்பதை அதன் 'ஆரிஜின்' சொல்கிறது. உங்களுடையது விமானத்தின் நடுவிலேயே தங்கிவிட்டது. புரொப்பெல்லரின் குடத்துக்கு நடுவே கொண்டு வையுங்கள்.

மூக்கு தூக்குவது அச்சுக் குழப்பம். பிளெண்டருக்கு மேல் என்றால் இஸட். ஜிஎல்டிஎஃப்புக்கு மேல் என்றால் ஒய். அதை எக்ஸ்போர்ட்டர் தானே மாற்றிக்கொள்ளும். நீங்கள் முந்திக்கொண்டு திருப்பி வைத்தால் இரண்டு தடவை திரும்பிவிடும். திருப்பியது, நீட்டியது எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட்டுக்கு முன் கண்ட்ரோல்-ஏ அழுத்தி 'அப்ளை' செய்துவிடுங்கள்.

இன்னொன்று: ஒரு பாகத்தை நகலெடுத்தால் பிளெண்டர் அதன் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து 001 என்று சேர்த்துவிடும். ஃபிளைட்கியரின் எக்ஸ்எம்எல் கோப்பு பாகங்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். அங்கே 'புரொப்பெல்லர்', இங்கே 'புரொப்பெல்லர்.001' என்று இருந்தால், கூப்பிட்ட குரலுக்கு யாரும் எழுந்து வர மாட்டார்கள்.

அச்சகத்தில் லேபிள், காலண்டர் டிசைன் செய்கிறேன். தம்பி செய்த விமானத்துக்கு பெயின்ட் அடித்துக் கொடுத்தேன். நிறமெல்லாம் மாறிப்போகிறது, வலது பக்கம் எழுத்து இடவலம் மாறி வருகிறது. எனக்கு இது வருமா?
வாசகி, சிவகாசி

உங்களுக்கு வராமல் வேறு யாருக்கு வரும் அம்மா? இந்த வேலையில் பலரும் திணறுகிற இடமே உங்கள் தொழில்தான். பட்டாசு அட்டைப்பெட்டியை ஒட்டு பிரித்து மேஜையில் விரித்தால் எப்படிக் கிடக்குமோ, விமானத்தின் 'யூவி' அப்படித்தான் கிடக்கும். எந்த மடிப்பு எந்தப் பக்கம் வரும் என்று உங்கள் கை அறியும்.

மாற்றிக்கொள்ள வேண்டியவை கொஞ்சம்தான். நீங்கள் பழகியது அச்சு மைக்கான சிஎம்ஒய்கே. திரைக்கு ஆர்ஜிபி. ஃபோட்டோஷாப்பில் புதுக் கோப்பு திறக்கும்போதே ஆர்ஜிபி என்று வைத்துவிடுங்கள். 300 டிபிஐ என்ற கணக்குக்கும் இங்கே வேலையில்லை. பிக்சல்தான் கணக்கு: 1024, 2048, 4096 என்று இரட்டித்துப் போகும் சதுரங்கள். ஆனால் வெட்டுக்கோட்டைத் தாண்டி நிறத்தை இழுத்துவிடும் 'பிளீட்' பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். விமானம் தூரப் போகப் போக சிமுலேட்டர் படத்தைச் சிறிதாக்கிக் காட்டும். அப்போது பக்கத்து நிறம் ஓரத்தில் கசிந்து, இறக்கையின் இணைப்பில் வெள்ளைக் கோடு தெரியும். ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் நிறத்தை வெளியே இழுத்துவிட்டால் அந்தக் கோடு வராது. உங்களுக்கு இது முதல் நாள் பாடம்!

எழுத்து இடவலம் மாறுவது உங்கள் தவறு இல்லை. தம்பி ஒரு பக்கம் மட்டும் செய்து, மறுபக்கத்தை 'மிரர்' செய்திருப்பார். இரண்டு பக்கமும் ஒரே படத்தைப் பங்கு போடுகின்றன. இந்திய விமானங்களின் பதிவு எழுத்தான 'விடி' இடப்பக்கம் ஒழுங்காக வந்தால் வலப்பக்கம் கண்ணாடியில் பார்த்தது போலத்தான் வரும். எழுத்து வரும் பகுதிகளுக்கு மட்டும் இரண்டு பக்கமும் தனித்தனி யூவி கேட்டு வாங்குங்கள். மற்ற இடங்கள் பங்கிலேயே இருக்கட்டும்; படத்தில் இடம் மிச்சம்.

முதல் விமானமாக தேஜஸ் செய்யலாமா?
பிளஸ் டூ மாணவர், விருதுநகர்

ஆசை நல்ல ஆசை. 2018-ல் சூலூருக்கே வந்து இறங்கிய போர் விமானம், நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதன் மேல் கண் போகத்தான் செய்யும். ஆனால் வளைவு வளைவான உடம்பு, மடங்கும் சக்கரம், அதை மூடும் கதவுகள் என்று முதல் தடவையே எல்லாம் சேர்ந்து வந்தால் எது பிழை என்றே பிடிபடாது.

நான் சொல்வது புஸ் மோத். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்த விமானம். அங்கிருந்து விமானி நெவில் வின்சென்ட் அதை பெல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டி வந்தார். நம் மாநிலத்துக்கு விமானத் தபால் அப்படித்தான் தொடங்கியது. உடம்பு நெடுகப் பெட்டி வடிவம், மேலே ஒற்றை இறக்கை, ஒரே எஞ்சின், மடங்காத சக்கரம். இறக்கை விரிவு 11.2 மீட்டர், நீளம் 7.62 மீட்டர். பெட்டியை ஏற்றிப் பார்த்தீர்கள் அல்லவா, அதையே இழுத்து நீட்டினால் உடம்பு பாதி தயார்! புரொப்பெல்லர், சுக்கான், வால் மட்டம், இறக்கை மடல் ஆகிய நாலையும் அசைய வைத்துவிட்டால், தேஜஸுக்கு வேண்டிய பாடத்தில் பெரும்பகுதி முடிந்தது. நூறாண்டை நெருங்கும் இந்தச் சரித்திரத்தை நம் பிள்ளைகள் ஒருவர் கையால் மறுபடி பறக்கவிட்டால் எனக்குக் கொள்ளை சந்தோஷம்.

பையன் ராத்திரியெல்லாம் விமானம் செய்கிறான். மென்பொருளுக்கு எவ்வளவு கேட்பானோ என்று பயமாக இருக்கிறது.
ஒரு தந்தை, சாத்தூர்

ஒரு பைசா கேட்க மாட்டான் ஐயா. 2002-ல் உலகெங்கும் இருந்து ஒரு லட்சம் யூரோ திரட்டி, பிளெண்டரின் நிரலைப் பொதுவில் விடுவித்தார்கள். அன்றிலிருந்து அது எல்லோருக்கும் இலவசம். ஃபிளைட்கியரும் இலவசம். தூங்கும் நேரத்தை மட்டும் நீங்கள் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

எங்கள் மாரியம்மன் கோயிலையும் இரண்டு ஆறுகளையும் சிமுலேட்டரில் வைக்க முடியுமா?
வாசகி, இருக்கன்குடி

வைக்கலாம், வைக்க வேண்டும். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேரும் இடத்தைத் தரைப்படத்தில் கண்டுபிடிப்பது எளிது. மேலே பறந்து வருகிறவருக்கு அதைவிட நல்ல அடையாளம் கிடைக்காது. கோயிலுக்கும் அதே பிளெண்டர், அதே ஆட்-ஆன்தான். அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்து நிறுத்த வேண்டியதுதான் பாக்கி.

சுதைச் சிற்பங்களை ஒவ்வொன்றாக வார்த்தெடுக்க ஆசை வரும். கம்ப்யூட்டர் தாங்காது. மூவாயிரம் அடி உயரத்திலிருந்து பார்ப்பவருக்குக் கோபுரம் என்பது சில பிக்சல்கள். தூரத்துக்கு ஒரு எளிய வடிவம், கிட்டத்துக்கு ஒரு விரிவான வடிவம் என்று 'எல்ஓடி' அடுக்கு செய்யுங்கள். சிற்பத்தின் மேடு பள்ளத்தை 'நார்மல் மேப்' படமாகச் சுட்டு ஒட்டுங்கள். ஆடிக் கடைசி வெள்ளிக் கூட்டத்தை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

வேலை பாதியில் நிற்கிறது. பிளெண்டர் புது வெர்ஷன் வந்திருக்கிறது. ஏற்றலாமா?
வாசகர், சிவகாசி

ஏற்றுங்கள், தனியாக. பழையதை அழிக்க வேண்டாம். புதியதில் ஆட்-ஆனைப் போட்டு, அதே பெட்டியை எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். பெட்டி போய்ச் சேர்ந்தால் விமானக் கோப்பின் நகலைத் திறங்கள். போய்ச் சேரவில்லை என்றால், கையில் உள்ள விமானம் முடியும்வரை பழையதிலேயே செய்யுங்கள்.